மாடிக்குத் தனி மீட்டர்

இல்லைங்க மேடம், அந்தப் படி வேணாம், அது உள்படி. அதுல ஏறினீங்கன்னா அங்கயே ஃபெயில் போட்டுட்டுத் திரும்பணும். மாடிக்குத் தனி கனெக்‌ஷன்னா தனி வழி இருக்கணும்ல? அதுக்குத்தான் வெளியில இந்த இரும்புப் படி. இப்படி வாங்க. கைப்பிடியைத் தாராளமா பிடிக்கலாம், பெயிண்ட் காஞ்சிடுச்சு. நடுவுல ஒரு படி மட்டும் லேசா ஆடும். நீங்க ஒயரிங்கைப் பாக்க வந்திருக்கீங்க, அது உங்க டிபார்ட்மெண்ட் இல்லைன்னு தெரியும், சும்மா சொல்லி வெச்சேன். ஆடுதா? ஆடலையா? எனக்கு என்னமோ ஆடுற மாதிரிதான் இருக்கு.

ஃபைலைப் பாத்தீங்களா. ஆமா மேடம், ரெண்டு தடவை ஃபெயில். வீட்டு ஓனர்னு போட்டிருக்கிறது நான்தான், அதுக்கு அடியில, வேலை செஞ்ச லைசென்ஸ்காரன்னு கையெழுத்துப் போட்டிருக்கிறதும் நான்தான். சிரிக்கிறீங்களா? சிரிங்க, தப்பே இல்ல. உங்க ஆபீஸ்ல இந்நேரம் எல்லாரும் சிரிச்சு முடிச்சிருப்பாங்க. ஊரெல்லாம் ஒயரிங் பண்ணிக் குடுத்துட்டு சொந்த வீட்டுல ஃபெயில் ஆனவன் நான் ஒருத்தன்தான். உங்களுக்கு முன்னாடி இருந்த சார், மாத்தலாகிப் போனாரே, அவரைக் கேட்டுப் பாருங்க. என் வேலைன்னா பெட்டியையே திறக்க மாட்டாரு. வாசல்ல நின்னுகிட்டே, நீ செஞ்சதா, சரி பேனாவைக் குடுன்னுவாரு. நான்தான் விட மாட்டேன். திறந்து பாருங்க சார், திறந்து பாத்துட்டுப் போடுங்க சார்னு பின்னாடியே போவேன். அந்த மனுஷன் என் வீட்டுக்கு ஃபெயில் எழுதும்போது என் மூஞ்சியைப் பாக்கவே இல்ல.

இருங்க, சாவி. சாவி அவகிட்ட இருந்து வாங்கினேனே... இந்தா இருக்கு. உள்ள வாங்க. செருப்போடயே வாங்க, இன்னும் யாரும் குடி வரலையே.

வாடகைக்கா? இல்ல மேடம், வாடகைக்கு விடல. இப்ப கீழ கதவைத் திறந்து உங்களுக்குத் தண்ணி குடுத்தாளே, என் வீட்டுக்காரி, அவதான் இங்க வரப் போறா. மீட்டர் அவ பேருக்குத்தான் கேட்டிருக்கு, அந்தத் தாள்ல இருக்கும் பாருங்க. ஆமா. அவ மேல, நான் கீழ. அப்படித்தான் பேச்சு. அவளுக்குத் தனி சமையல், தனி வழி, தனி கரண்ட் பில்.

சண்டையெல்லாம் இல்ல. சண்டைன்னா பரவாயில்லையே, நானும் ரெண்டு வார்த்தை பேசி, அவளும் ரெண்டு வார்த்தை பேசி, ஒரு வேளை சாப்பிடாம இருந்து, முடிஞ்சு போயிருக்கும். இது அப்படி இல்ல. சிரிச்சுகிட்டேதான் கேட்டா. ரசம் ஊத்தும்போது கேட்ட மாதிரி, அவ்வளவு சாதாரணமா. மாடியை முடிச்சுக் குடுத்துடுங்க, நான் மேல போயிடறேன்னு. எனக்கு முதல்ல புரியவே இல்ல. மேல எதுக்கு, துணி காயப்போடவான்னு கேட்டேன்.

மெயின் பெட்டி இதுதான். கதவு பின்னாடி மறையக் கூடாதுன்னு இந்தச் சுவர்ல வெச்சேன். நீங்க பாருங்க, நான் பேசிட்டே இருப்பேன், கண்டுக்காதீங்க. அந்த ட்ரிப் ஆகுற சுவிட்சைக் கையால ஏத்தி இறக்கிப் பாத்துடுங்க. பாத்தாச்சா? சரியா விழுதா? ம். விழும். நல்ல கம்பெனிதான் போட்டேன். ஆனா புது சரக்குல சில சமயம்... இல்ல இல்ல, நீங்க சொன்னா சரி.

அந்த மூடியில ஸ்க்ரூ தலையைப் பாத்தீங்களா? கோடு எல்லாம் மேலயும் கீழயுமா நேரா நிக்குதுல்ல? அது என் பழக்கம். முடுக்கி முடிக்கும்போது கோடு நேரா நிக்கிற மாதிரி நிறுத்துவேன். அழகுக்கு இல்ல மேடம். வேற எவனாவது திறந்து மூடினான்னா கோடு கோணலா நிக்கும், அடுத்த நாள் வந்து பாத்ததும் தெரிஞ்சிடும். ஒரு கைதான் இந்தப் பெட்டிக்குள்ள போயிருக்குன்னு அதை வெச்சு சொல்லுவேன். வீட்டுலயும் இதே பைத்தியம்தான். அவளுக்கும் பழக்கி விட்டேன். வாணலிக் கைப்பிடி ஸ்க்ரூவை முடுக்கினாக்கூட கோட்டை நேரா நிறுத்திட்டுத்தான் அடுப்புல வெப்பா. இதோ இந்தப் பலகை, உள்படியை அடைச்சிருக்கே, இதோட ஸ்க்ரூவும் அப்படித்தான். நான் அடிச்ச பலகைதான். என் கையாலயே அடிச்சேன்.

என்ன காரணம்னா கேக்கிறீங்க? நான்தான் மேடம் காரணம். முட்டி போயிடுச்சு. ஏணி ஏறக் கூடாதுன்னுட்டாரு டாக்டர். சைட்டுக்குப் போறது நின்னுச்சு. காலையில டிபன் சாப்பிட்டுப் பையை எடுத்துட்டுப் போன மனுஷன் பகல் பூரா வீட்டுல உக்காந்தா என்ன பண்ணுவான்? சுத்தி சுத்திப் பாப்பான். நான் அதுவரைக்கும் பகல்ல எங்க வீட்டைப் பாத்ததே இல்ல. பாத்தா, எல்லாமே தப்பா இருக்கு. ஃப்ரிட்ஜ் சுவரோட ஒட்டி நிக்குது, காத்துப் போக வழி இல்ல. நகர்த்தி வெச்சேன். நகர்த்தினதுல அவ அலமாரிக் கதவைத் திறக்க முடியல. மிக்ஸியை ஈரக் கையோட போடுறா. கூடாதுன்னேன். கையைத் துடைச்சுட்டு வந்தா, துணி ஈரம்னேன். அவ ஒரு ரூம்ல இருந்து இன்னொரு ரூமுக்குப் போனா, பின்னாடியே போய் லைட்டை அணைப்பேன். திரும்பி வந்தா இருட்டா இருக்கும். ஒரு நாள் அவ குளிச்சுட்டு இருக்கா, சுவிட்ச் வெளியில இருக்கு, பகல்ல எதுக்கு லைட்டுன்னு அணைச்சுட்டேன். உள்ள ஆள் இருக்கிற ஞாபகமே இல்ல. சத்தம் போடுவான்னு பாத்தேன். போடல. இருட்டுலயே குளிச்சுட்டு வந்தா.

அப்புறம் இந்த லேபிள் ஒட்டுற மெஷின் ஒண்ணு வெச்சிருந்தேன், ஒயருக்கு நம்பர் ஒட்டுறது. சும்மா கெடக்குதேன்னு அவ சமையல்கட்டு டப்பாவுக்கெல்லாம் பேர் அடிச்சு ஒட்டிட்டேன். சக்கரை, உப்பு, மிளகு. அவ எத்தனை வருஷமா அந்த டப்பாவுல கை வைக்கிறா! உப்பு எதுன்னு அவளுக்குத் தெரியாதா? ஒட்டி முடிச்சுட்டு, வந்து பாருன்னு கூப்பிட்டேன், பெருமையா. வந்து நின்னு பாத்தா. பாத்துட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டா. நீங்க இங்க குடியிருக்கீங்களா, இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்திருக்கீங்களான்னு. நான் ரெண்டும்தான்னேன். வாயை வெச்சுட்டு சும்மா இருந்திருக்கலாம்.

அதுக்கு மறுநாள்தான் மாடி வேணும்னா. என் பின்னாடி யாரும் வந்து நிக்காத ஒரு இடம் வேணும்னா. அவ்வளவுதான் கேட்டா. மகள் ஃபோன்ல சொல்றா, அப்பா குடுத்துடுங்கப்பா, மாடின்னா அது ஒரே வீடுதான், இல்லைன்னா அம்மா எங்க வீட்டுக்கு வந்துடறேங்கிறாங்கன்னு. மகள் வீடு ரயில்ல ராத்திரி பூரா போகணும். சரின்னுட்டேன்.

இந்த ரூம்தான் படுக்கை ரூம். ஃபேன் கொக்கியைப் பாருங்க மேடம், எனக்கு அதுல ஒரு சந்தேகம். உறுதியா இருக்கா? தொங்கிப் பாத்தீங்களா? இல்ல, நீங்க தொங்க வேண்டாம், கம்பை விட்டு இழுத்துப் பாருங்க. சரி. ஜன்னல் பக்கம் பிளக் பாயிண்ட், அது அவ தையல் மெஷினுக்கு. மழை சாரல் அடிக்குமோ? ஒரு முழம் தள்ளித்தான் இருக்குங்கிறீங்களா? சரி, சரி.

இதையெல்லாம் நான் ஏன் சொல்றேன்னா... பழக்கம் மேடம். சொன்னேனே, விட மாட்டேன்னு. நீங்க பாட்டுக்கு வேலையைப் பாருங்க.

என்ன இவ்வளவு தாழ்வா சுவிட்ச் போர்டு வெச்சிருக்கேனேன்னு பாக்கிறீங்கள்ல? பழைய சாரும் இதைத்தான் முதல்ல கேட்டாரு. எல்லா ரூம்லயும் அப்படித்தான் இருக்கும். ரூல்ல இடம் இருக்கு, நான் பாத்துட்டுத்தான் வெச்சேன். இது அவ போட்ட உயரம். சுவரை வெட்டுறதுக்கு முன்னாடி, எங்கெங்க சுவிட்ச் வேணும்னு நீயே சொல்லிடு, அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாதுன்னு சொல்லி கையில ஒரு சாக்பீஸைக் குடுத்தேன். அவ சுவர்கிட்ட நின்னா, கையை இப்படி மடக்கி நீட்டினா, விரல் பட்ட இடத்துல ஒரு கோடு. அடுத்த ரூமுக்குப் போனா, ஒரு கோடு. நான் கோட்டைப் பாத்துட்டு, என்ன இவ்வளவு கீழ போட்டிருக்கே, தப்புன்னேன். எனக்கு இதுதான் எட்டும்னா.

கீழ வீட்டுல போர்டு எல்லாம் என் கை உயரத்துக்கு இருக்கு. நான் வளர்ந்த ஆளு. அவ என் தோள் வரைக்கும்கூட வர மாட்டா, பாத்தீங்கள்ல. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததுல இருந்து ஒவ்வொரு சுவிட்சுக்கும் அவ குதிகாலைத் தூக்கித்தான் போட்டிருக்கா. சமையல்கட்டுல கரண்டிக் காம்பை வெச்சுத் தட்டுவா. அது ஏதோ அவ ஸ்டைல்னு நெனச்சுட்டு இருந்தேன். ஊர்ல எத்தனை வீட்டுக்குப் போயி, உங்க வீட்டுப் பெரியவங்களுக்கு எட்டுமா, பிள்ளைங்களுக்கு எட்டாம இருக்கணுமான்னு கேட்டுக் கேட்டு வெச்சவன் நான். என் வீட்டுல கேக்கல. அந்தச் சாக்பீஸ் கோட்டைப் பாத்ததும் சாக்பீஸை அவகிட்ட இருந்து வாங்கிப் பாக்கெட்ல போட்டுகிட்டேன் மேடம். வெட்கமா இருந்துச்சு.

குளியலறை இதுதான். இங்கதான் முதல் தடவை ஃபெயில் ஆச்சு. வெந்நீர் மெஷின் பாயிண்ட்ல எர்த் ஒயர் லூஸு. பாருங்க, இழுத்துப் பாருங்க, நல்லா பலமா. இப்ப நிக்குதா? நிக்கும்.

சத்தமா பேசாதீங்க, அவளுக்குக் காது ரொம்பக் கூர்மை. அடுக்களையில இருந்தாலும் வாசல்ல பேசுறது கேக்கும். இந்தா, பாத்திரம் உருட்டுற சத்தம் கேக்குதா? டீ போடுறா. உங்களுக்குத்தான். இன்ஸ்பெக்டர் வந்தா டீ குடுக்காம அனுப்பக் கூடாது, ஆனா கையெழுத்துப் போட்ட பிறகுதான் குடுக்கணும், முன்னாடி குடுத்தா அது லஞ்சம்னு நான் சொல்லியிருக்கேன். அதை அப்படியே பிடிச்சுகிட்டா. நான் எதைச் சொன்னாலும் பிடிச்சுப்பா மேடம். அதுதான் இப்ப எனக்கு...

சொல்றேன் கேளுங்க. பல் டாக்டர் ஒருத்தர், புதுசா வீடு கட்டினாரு. நான்தான் ஒயரிங். பெர்மிட் வரலை, இன்ஸ்பெக்‌ஷன் ஆகல. அவரு அவசரப்பட்டு லாரியில சாமானை ஏத்திட்டு வந்துட்டாரு, கட்டில் பீரோ எல்லாம். பக்கத்து வீட்டுல இருந்து ஒயர் இழுத்துக்கலாம், ஒரு ராத்திரிதானேங்கிறாரு. நான் நேரா போயி ஃப்யூஸ் கட்டையைப் புடுங்கி சட்டைப் பாக்கெட்ல போட்டுகிட்டேன். யாரா இருந்தாலும் சரி, பாத்துக் கையெழுத்துப் போடாத வீட்டுல ஒரு ராத்திரிகூட ஆள் தூங்கக் கூடாதுன்னுட்டேன். அவரு கத்துறாரு, அவரு மாமனாரு கத்துறாரு, லாரிக்காரன் கத்துறான். நான் அசையல. பெர்மிட் வர்ற வரைக்கும் அந்த ஃப்யூஸ் கட்டை எங்க வீட்டு அலமாரியில தூங்குச்சு. அதுல இருந்து கடைத்தெருவுல எனக்குப் பேரே ஃப்யூஸ்தான். என்ன ஃப்யூஸு, சௌக்கியமான்னுதான் கேப்பாங்க. இந்தக் கதையை அவ சொல்லாத சொந்தக்காரங்க கிடையாது. அப்ப எல்லாம் எவ்வளவு பெருமையா சொல்லுவா.

மாடி வேலை முடிஞ்சதும் அவ பெட்டியெல்லாம் கட்டி வெச்சுட்டா. துணி ஒரு பெட்டி, பாத்திரம் ஒரு பெட்டி. நான் கேட்டேன், எப்ப போறேன்னு. அவ சொல்றா, நீங்கதானே சொல்லியிருக்கீங்க, கையெழுத்தாகாத வீட்டுல ஒரு ராத்திரிகூடத் தூங்கக் கூடாதுன்னு. கையெழுத்தாகட்டும், அன்னைக்கே போறேன்னா. புரியுதா மேடம்? நீங்க அந்தத் தாள்ல ஒரு கையெழுத்துப் போட்டா, இன்னைக்குச் சாயங்காலம் அவ பெட்டியைத் தூக்கிட்டு மேல வந்துடுவா. அந்தப் பெட்டி ரெண்டும் கூடத்துலதான் இருக்கு, நீங்க வரும்போது தாண்டித்தான் வந்தீங்க. அதுல தூசி படியுது, அவ தினம் துடைக்கிறா.

யாரு வேலை பண்ணதா? என்கூட எப்பவும் வர்ற ஒத்தாசைக்காரன் வர்றேன் வர்றேன்னு சொல்லி ஏமாத்திட்டான். ஒயர் இழுக்கிற வேலை ஒத்தை ஆளால ஆகாதே. பைப்புக்குள்ள இந்தப் பக்கம் ஒருத்தர் தள்ளணும், அந்தப் பக்கம் ஒருத்தர் இழுக்கணும். நான் தலையில கைய வெச்சு உக்காந்திருந்தேன். அவளே வந்து நின்னா. கல்யாணமான புதுசுல என்கூட சைட்டுக்கு வந்தவதான், வேலை தெரியும். விடட்டுமா? விடு. இழுக்கட்டுமா? இழு. நில்லு, சிக்கிடுச்சு, கொஞ்சம் பின்னாடி தள்ளு. வந்துடுச்சா? வந்துடுச்சு. நாள் பூரா இதே பேச்சுதான். வேற ஒண்ணும் பேசல. ஆனா எங்க வீட்டுல நாங்க அவ்வளவு பேசி ரொம்ப நாளாச்சு. நான் அந்த ரூம்ல, அவ இந்த ரூம்ல, நடுவுல சுவர். ஒயர் அசையறதை வெச்சே அவ கை எங்க இருக்குன்னு எனக்குத் தெரியுது. சாயங்காலம் ஆச்சுன்னா இன்னும் ஒரு பைப் இருந்தா நல்லா இருக்குமேன்னு இருக்கும். தேவையில்லாம ரெண்டு பாயிண்ட் சேர்த்துகூட வெச்சேன். அதோ அந்த மூலையில இருக்கே, அது எதுக்குன்னு கேட்டா எனக்கே தெரியாது.

சமையல்கட்டுக்கு இப்படி. மெஷினை வெச்சுப் பாருங்க. இந்தப் பாயிண்ட்... சரி. அது... சரி. எல்லாம் சரியா? எர்த் குழியையும் கீழயே பாத்துட்டீங்க. அவ்வளவுதானா? முடிஞ்சுதா?

இருங்க இருங்க, பேனாவை எடுக்காதீங்க. மேடம், ஒரு நிமிஷம். இந்தச் சுவிட்ச் பெட்டியை நீங்க திறக்கலையே. அடுப்பு மேடைக்கு மேல இருக்கே, இது. ஆமா, மெஷின்ல சரியாத்தான் காட்டும். ஒயர் சும்மா தொட்டுகிட்டு இருந்தாலே மெஷின் சரின்னுடும். முடுக்கியிருக்கா இல்லையான்னு மெஷினுக்கு எப்படித் தெரியும்? திறந்து, கையால இழுத்துப் பாத்தாத்தான் தெரியும்.

இல்ல, நான் திறக்க மாட்டேன். நீங்கதான் திறக்கணும். உங்க காலைப் பிடிச்சுக் கேக்கிறேன், திறங்கம்மா. மேடம்னு சொல்லணும், வாய் தவறி வந்துடுச்சு. நீங்க என் மகளைவிடச் சின்னவங்களா இருப்பீங்க.

சொல்லிடறேன். உங்ககிட்ட சொல்லாம ஆகாது. முதல் தடவை ஃபெயில் ஆச்சே, குளியலறையில, அது நான் பண்ணது. சார் வர்றதுக்கு முன்னாடி மேல வந்து எர்த் ஸ்க்ரூவை நானே ரெண்டு சுத்து தளர்த்தி வெச்சேன். கரண்டே வராத வீடு, யாருக்கும் ஒண்ணும் ஆகாது. கையெழுத்தாகலைன்னா அவ போக மாட்டா. அவ்வளவுதான் என் மூளைக்கு எட்டுச்சு. சார் பெட்டியைத் திறக்க மாட்டேங்கிறாரு, நான்தான் வழக்கம்போல, பாருங்க சார் பாருங்க சார்னு இழுத்துட்டுப் போனேன். அவரு எழுதும்போது சந்தோஷமாவும் இருந்துச்சு, செத்துடலாம் போலவும் இருந்துச்சு. என் பேருக்குப் பக்கத்துல அந்த வார்த்தை வந்ததே இல்ல.

அதனால ரெண்டாவது தடவை மனசை மாத்திகிட்டேன். போதும், ஒரு தடவை பிடிச்சு வெச்சதே தப்பு, போறவளைப் போக விடுன்னு. எல்லாத்தையும் முடுக்கினேன். சார் வந்தாரு. போன தடவை லூஸா இருந்ததால, இந்தத் தடவை ஒண்ணு விடாம இழுத்துப் பாக்கிறாரு. எல்லாம் நிக்குது. கடைசியா இந்தப் பெட்டி. என்னையே திறக்கச் சொன்னாரு. மூடியில ஸ்க்ரூ கோடு எல்லாம் நேராத்தான் நின்னுச்சு, திறந்தேன். உள்ள கறுப்பு ஒயர், கரண்ட் திரும்பிப் போற ஒயர், அவரு விரல் பட்டதும் கையோட வந்துடுச்சு.

அதை நான் பண்ணல மேடம். சத்தியமா நான் பண்ணல.

முதல்ல என்ன நெனச்சேன்னா, என் கை போயிடுச்சுன்னு நெனச்சேன். வயசாகுது, காலையில டம்ளர் பிடிச்சா லேசா நடுங்குது. முடுக்கினேன்னு நெனச்சுகிட்டு முடுக்காம விட்டிருப்பேன். ராத்திரி படுத்தா அதே யோசனை. முடுக்கினேனா, முடுக்கலையா? அப்பத்தான் பக்கத்துல அவ திரும்பிப் படுத்தா. அப்பத்தான் தோணுச்சு. ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிஞ்சவ. மேல வந்து போறவ. திறந்து மூடினா கோட்டை நேரா நிறுத்துறவ. ஊர் உலகத்துல அப்படி நிறுத்துறது ரெண்டே பேருதான், ரெண்டு பேரும் இந்த வீட்டுலதான் இருக்கோம்.

ஆனா எப்படித் தெரியும்? என் கை நடுங்கினதாவும் இருக்கலாமே. கேட்டுடலாம்னு வாய் வரைக்கும் வரும். கேட்டு, இல்லைன்னுட்டா? அதான் இந்தத் தடவை எல்லாத்தையும் திரும்ப முடுக்கினேன். இந்தப் பெட்டியில கறுப்பு ஒயரை முடுக்கி, குறடு போட்டு இழுத்து, நிக்குதான்னு வாய்விட்டுச் சொல்லி, அதுக்கப்புறம்தான் மூடினேன். மூடிட்டு சாவியைக் கொண்டு போயி அவ கையில குடுத்தேன். மேல பெருக்கணும் துடைக்கணும்னா நீயே போய்க்கோ, எனக்கு முட்டி வலின்னேன். அதுல இருந்து நான் இங்க கால் வைக்கல. இரும்புப் படி வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிருக்கேன். எத்தனையோ தடவை. இன்னைக்கு உங்களோடதான் மேல வர்றேன். அதான் வந்ததுல இருந்து ஒரு இடத்துல நிக்க முடியல, கொக்கியைப் பாருங்க, பிளக்கைப் பாருங்கன்னு உளறிட்டே இருக்கேன்.

திறங்கம்மா. நிக்குதுன்னா கையெழுத்தைப் போட்டுடுங்க. நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். கூடத்துல இருக்கிற அவ பெட்டியை நானே தூக்கிட்டு வந்து மேல வெப்பேன், முட்டி வலிச்சாலும் சரி.

உங்க ஸ்க்ரூ டிரைவரே இருக்கா? சரி. கோடு நேரா இருக்கா? அது ஒண்ணும் சொல்லாது. நான் மூடினாலும் நேராத்தான் இருக்கும், அவ மூடினாலும் நேராத்தான் இருக்கும். நான் ஜன்னல்கிட்ட நிக்கிறேன், என்னால பாக்க முடியாது. நீங்களே சொல்லுங்க.

சிவப்பு? நிக்குதா. சரி.

பச்சை? ம்.

கறுப்பு?

கறுப்பு... வந்துடுச்சா? இழுக்கவே இல்லையா, தொட்டதுமேவா? காட்டுங்க. இங்க காட்டுங்க.

அடேயப்பா. எவ்வளவு பக்குவமா பண்ணியிருக்கா பாருங்க. ஸ்க்ரூ கீழ விழாம, ஒயர் வெளியில தெரியாம. நான்கூட இவ்வளவு சுத்தமா பண்ணல. நல்லா வேலை கத்துக் குடுத்திருக்கேன்.

ஐயோ, முடுக்காதீங்க! தொடாதீங்க மேடம், அப்படியே விடுங்க. இப்பவே முடுக்கிப் பாஸ் போட்டுடலாமா? அது எப்படி? ரூல்னா ரூல். ஃபெயில்னு எழுதுங்க. நல்லா பெருசா எழுதுங்க. மறுபடி அப்ளிகேஷன் போடுறோம், மறுபடி வரிசையில நிக்கிறோம். உங்க ஆபீஸ்ல நாளாகுமா? ஆகட்டும். எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருக்கு தெரியுமா? ஆபீஸ்ல சிரிப்பாங்கன்னா சிரிக்கட்டும், இதைவிடச் சந்தோஷமா ஒரு ஃபெயில் நான் வாங்கினதில்ல.

கீழ போனதும் என்னாச்சுன்னு கேப்பா. கறுப்பு ஒயர் லூஸு, இன்னைக்குக் கையெழுத்தில்லைன்னு நீங்களே சொல்லிடுங்க. டீயைக் கண்டிப்பா குடிங்க, ஃபெயில் போட்ட பிறகு குடிச்சா லஞ்சமும் இல்ல. நான் அவகிட்ட ஒண்ணும் கேக்க மாட்டேன். ஏன் பண்ணே, எப்பப் பண்ணேன்னு கேட்டா, அதுவும் இன்ஸ்பெக்‌ஷன் தானே. போதும், அதை விட்டுடறேன். டப்பாவுல ஒட்டின லேபிளை எல்லாம் இன்னைக்கே கிழிச்சுடறேன். வேணாம், அதையும் அவளைக் கேட்டுட்டுத்தான் கிழிக்கணும்.

கதவைப் பூட்டிடறேன், நீங்க முன்னாடி இறங்குங்க. அந்தப் படியில ஒண்ணும் ஆடல, நான் சும்மா சொன்னேன்.

அப்புறம் ஒண்ணு கேக்கணும் மேடம். கீழ் வீட்டுல சுவிட்ச் போர்டை எல்லாம் இறக்கி வைக்கிறதா இருந்தா, அதுக்கும் பெர்மிட் வாங்கணும்ல? எல்லா ரூம்லயும்தான். அந்த அப்ளிகேஷன் உங்க பையில இருக்குமா? இருந்தா ஒண்ணு குடுத்துட்டுப் போங்க. எவ்வளவு உயரம்னு அதுல எழுதணுமா? அது எனக்குத் தெரியாதே. அவளைத்தான் கூப்பிட்டு சுவர்கிட்ட நிக்கச் சொல்லணும். அந்தச் சாக்பீஸ் இன்னும் என் பாக்கெட்லதான் இருக்கு.